நியூகாசில் துறைமுகத்தில் துடுப்புப் போட: முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில், ஹண்டர் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில், நிலக்கரி ஏற்றுமதியை எதிர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் கயாக்கில், அதாவது துடுப்புப் போடும் சிறு படகில், ஏறித் தண்ணீரில் இறங்குகிறார்கள். உலகத்திலேயே மிக அதிகமாக நிலக்கரி ஏற்றுமதியாகும் துறைமுகம் அது. ‘ரைசிங் டைட்’ என்ற அமைப்பு 2023-இலிருந்து நடத்திவரும் இந்தக் கூடலுக்கு ‘மக்கள் முற்றுகை’ என்று பெயர்.

இதைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னிடம் விசாரிக்கும் தமிழ் நண்பர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தயக்கம்தான். “நீச்சல் அவ்வளவாக வராது, துடுப்பைக் கையில் பிடித்ததே இல்லை, விசா வேறு இருக்கிறது, நான் வரலாமா?” வரலாம். கட்டாயம் வாருங்கள். ஆனால் எதற்கு வருகிறோம், எதுவரை போவோம், எப்போது திரும்புவோம் என்பதையெல்லாம் கரையிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க நேரம் கிடைக்காது. கீழே இருப்பதெல்லாம் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுப்பதற்கான வழிதான்.

இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

1797-இல் ஜான் ஷார்ட்லேண்ட் என்ற கடற்படை அதிகாரி இந்த ஆற்றுவாயில் நிலக்கரியைக் கண்டார். அந்த மண்ணின் ஆதிகுடிகளான அவபக்கல், வொரிமி மக்களுக்கு அது முன்பே தெரிந்த கல்தான். ஆற்றையும் அவர்கள் கோக்குன் என்று அழைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1799-இல், இங்கிருந்து ஒரு கப்பல் நிலக்கரி வங்காளத்துக்குப் போனது. அன்று தொடங்கிய ஏற்றுமதி இன்று ஆண்டுக்குச் சுமார் 14, 15 கோடி டன்னில் நிற்கிறது. சிங்கிள்டன், மஸ்வெல்புரூக் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ரயில் ரயிலாக வரும் நிலக்கரி, கூராகாங்கிலும் கேரிங்டனிலும் உள்ள முனையங்களில் கப்பலேறி ஜப்பான், கொரியா, தைவான், சீனா என்று போகிறது. ஒரு டன் எரித்தால் ஏறக்குறைய இரண்டரை டன் கரியமில வாயு. அது எந்த நாட்டில் எரிந்தாலும் சேர்வது எல்லோருக்கும் பொதுவான ஒரே வானத்தில்.

இங்கே படகில் வந்து எதிர்ப்புத் தெரிவிப்பது புதிதல்ல. 2014 அக்டோபர் 17 அன்று பசிபிக் தீவு நாடுகள் 12-இலிருந்து வந்த 30 இளைஞர்கள், தங்கள் தீவுகளில் கையால் செதுக்கிய படகுகளோடு இதே துறைமுகத்தில் இறங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் கயாக்கில் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். “நாங்கள் மூழ்கிக்கொண்டிருக்கவில்லை, போராடிக்கொண்டிருக்கிறோம்” என்பது அவர்களுடைய முழக்கம். கடல் மட்டம் உயர்வதை வீட்டு வாசலில் பார்த்தவர்களின் பேச்சு அது.

நமக்கும் இது தொலைவான விஷயம் இல்லை. 2023 நவம்பர் 25, 26 தேதிகளில் முற்றுகை நடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அதே மாத நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2025 நவம்பர் கடைசியில் இங்கே படகுகள் கூடிய நாட்களில் தித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகத்தில் மண்சரிவில் வீடுகள் புதைந்தன. ஒரு புயலை ஒரு சுரங்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அந்த நீர் மழையாகத்தான் இறங்கும். இந்தத் தொடர்பை யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருப்பது, துடுப்புப் போடத் தெரிந்திருப்பதைப் போலவே முக்கியம்.

அமைப்பினரின் கோரிக்கைகள் மூன்று: புதிய நிலக்கரி, எரிவாயுத் திட்டங்களை நிறுத்த வேண்டும், புதைபடிவ எரிபொருள் ஏற்றுமதி லாபத்தின் மீது 78 சதவீத வரி போட்டு, அந்தப் பணத்தைத் தொழிலாளர்களும் ஊர்களும் வேறு தொழிலுக்கு மாறச் செலவிட வேண்டும், நியூகாசில் வழியான நிலக்கரி ஏற்றுமதியை 2030-க்குள் முடிக்க வேண்டும். இரண்டாவதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். ஹண்டர் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு எதிராக நாம் வரவில்லை. ஊரில் கடைக்காரரிடமோ ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடமோ பேசும்போது இது உங்கள் பேச்சில் தெரிய வேண்டும்.

முதல் முடிவு: தண்ணீரிலா, கரையிலா

இதை வெட்கப்படாமல் யோசியுங்கள். ஆழமான தண்ணீரில் உதவியில்லாமல் 50 மீட்டர் நீந்த முடியுமா? தலை தண்ணீருக்குள் போனால் பதறாமல் இருக்க முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் கயாக் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் இந்த ஆண்டு கரையில் இருங்கள், வரும் கோடையில் உள்ளூர் நீச்சல்குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று நீச்சல் தெரியாமல் இறங்குகிறவர்கள், தங்களோடு சேர்த்துப் பக்கத்துப் படகுக்காரரையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

கரையில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமையல், படகுகளைத் தூக்கி இறக்குவது, யார் போனார் யார் வந்தார் என்று பெயர் குறிப்பது, முதலுதவி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, புதிதாக வருகிறவர்களை வரவேற்று வழிகாட்டுவது என்று நீளும். பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டத் தெரிந்த நாலு பேர் வந்தால் அந்தக் கூடாரமே கொண்டாடும்.

இரண்டாவது முடிவு: சட்டத்தின் எந்தப் பக்கம்வரை

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

நியூகாசில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பொதுக்கூடல் நடத்துகிறவர்கள் போலீசுக்கு ‘ஃபார்ம் 1’ என்ற அறிவிப்பைக் குறைந்தது ஏழு நாளுக்கு முன்பு கொடுப்பது வழக்கம். போலீஸ் எதிர்க்காவிட்டால், அல்லது நீதிமன்றம் அனுமதித்தால், அந்த நேரத்துக்குள், அந்த இடத்துக்குள், அறிவித்தபடி கலந்துகொள்கிறவர்களுக்கு வழிமறித்தல் போன்ற சில குற்றச்சாட்டுகளிலிருந்து பாதுகாப்பு உண்டு. நேரம் முடிந்தால் பாதுகாப்பும் முடிந்தது. 2023-இல் நடந்தது அதுதான். முப்பது மணி நேரம் அனுமதியோடு கப்பல்வழியில் இருந்தார்கள். ஞாயிறு மாலை 4 மணிக்குப் பிறகும் தெரிந்தே தண்ணீரில் தங்கிய 109 பேர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் 97 வயதான பாதிரியார் ஆலன் ஸ்டூவர்ட். 2024-இல் நிலைமை வேறு. போலீஸ் எதிர்த்தது, நீதிமன்றம் அனுமதி தரவில்லை. அரசு துறைமுக நீர்ப்பரப்புக்குள் யாரும் வரக் கூடாதென்று தடை போட்டது. அந்தத் தடை செல்லாது என்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் நிகழ்வுக்குச் சற்று முன்பு தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு 170 பேர் கைதானார்கள்.

ஆக, போன ஆண்டு இருந்த விதி இந்த ஆண்டும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். வாரத்துக்கு வாரம் மாறும். கூடவே, 2022-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, துறைமுகம் போன்ற ‘முக்கிய வசதி’யின் இயக்கத்தைத் தடுத்தால் 22,000 டாலர்வரை அபராதமோ இரண்டு ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்க முடியும். அதன் சில பகுதிகளை 2023 டிசம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது. மிச்சம் நடைமுறையில் இருக்கிறது. கரையில் போடும் முகாமில் தினமும் சட்ட விளக்கக் கூட்டம் நடக்கும். அதில் உட்காராமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இப்போது விசா. மாணவர் விசா, வேலை விசா, முடிவு வரும்வரை தரும் தற்காலிகமான பிரிட்ஜிங் விசா எதில் இருந்தாலும், கைதாகும் வாய்ப்புள்ள எதையும் செய்வதற்கு முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். நடத்தைச் சோதனை என்ற பெயரில் ஒரு சிறிய வழக்குகூடப் பின்னால் வந்து நிற்கலாம். குறிப்பாக, படகில் வந்து தஞ்சம் கேட்டு ‘பிரிட்ஜிங் விசா ஈ’ வைத்திருக்கும் ஈழத்து உறவுகளே: உங்கள்மீது குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்றுகூட இல்லை, குற்றச்சாட்டு பதிவானாலே உங்கள் விசாவை ரத்து செய்ய அதிகாரம் இருக்கிறது. உங்களைத் தண்ணீரில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கரையிலும், அனுமதி இருக்கும் இடத்திலும் மட்டும் நில்லுங்கள். அதுவே போதும். யாராவது “பயமா?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

முடிவெடுத்ததும் அதை உங்கள் ஜோடிப் படகுக்காரரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: “நான் மூன்று மணிக்குக் கரையேறுவேன், போலீஸ் போகச் சொன்னால் அதற்கு முன்பே ஏறிவிடுவேன்.” அங்கே கூட்டத்தின் உற்சாகத்தில் மனம் மாறும். மாற்றாதீர்கள்.

படகும் உடையும்

புதியவர்களுக்கு ஏற்றது மேலே உட்காரும் வகைக் கயாக், அதாவது ‘சிட்-ஆன்-டாப்’. கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். தண்ணீர் தானாக வடியும். அகலமானது மெதுவாகப் போகும், ஆனால் ஆடாது. மெதுவாகப் போவது இங்கே ஒரு குறையே இல்லை. காற்றடைத்த கடற்கரை பொம்மைப் படகுகளைக் கொண்டுவராதீர்கள். காற்று அடித்தால் அவை போகும் திசைக்கும் உங்கள் துடுப்புக்கும் சம்பந்தமே இருக்காது. சொந்தப் படகு இல்லாதவர்களுக்கு முகாமில் பகிர்ந்துகொள்ளும் படகுகள் இருக்கும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டின் மிதக்கவைக்கும் திறன் ‘லெவல் 50’ அல்லது அதற்கு மேல், பளிச்சென்ற நிறத்தில். போட்டுக் கட்டிய பிறகு நண்பர் ஒருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடைக்கு மேல் ஏறினால் அது உங்களுக்குப் பெரியது. தண்ணீரில் இருக்கும்வரை கழற்றவே கூடாது, படம் எடுப்பதற்கும்தான்.

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ், வேட்டி, சேலை, துப்பட்டா எதுவும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். முழுக்கை நீச்சல் சட்டை, சீக்கிரம் உலரும் அரைக்கால் சட்டை அல்லது லெக்கிங்ஸ், குதிகால் மூடிய பழைய காலணி. கழுத்துச் சங்கிலி, வளையல், மோதிரங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் சட்டைக்குள் போட்டுப் பின் குத்திக்கொள்ளலாம். கண்ணாடிக்குக் கயிறு. கயிறு வைத்த அகலத் தொப்பி. நவம்பர் கடைசியில் இங்கே புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும், தண்ணீரில் பட்டுத் திரும்பியும் அடிக்கும். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று இருந்துவிட வேண்டாம், எஸ்.பி.எஃப். 50 வெயில் காப்புக் களிம்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபடி பூசுங்கள்.

எடுத்துப்போக வேண்டியது கொஞ்சம்தான்: இரண்டு லிட்டர் தண்ணீர், கையால் எடுத்து உண்ணக்கூடிய ஏதாவது, ஜாக்கெட்டில் கட்டிய விசில், நீர்புகாப் பையில் கைபேசி. எல்லாவற்றையும் படகோடு கட்டுங்கள், ஆனால் உங்கள் உடம்போடு எந்தக் கயிறும் சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மது கூடவே கூடாது.

பயிற்சி: இதைத் தவிர்க்க முடியாது

முற்றுகைக்கு ஓரிரு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். சிட்னியில் இருப்பவர்களுக்கு லேன் கோவ் ஆறும் நாரபீன் லகூனும் அமைதியான இடங்கள். வாடகைக்குக் கயாக் கிடைக்கும். நியூகாசில் பக்கம் லேக் மக்குவாரியின் ஒதுங்கிய குடாக்கள் நல்லவை. காலை நேரமாகப் பாருங்கள், காற்று எழாது.

துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குங்கள். முழங்கைகள் செங்கோணத்தில் இருந்தால் பிடி சரி. குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். கால்விரல் பக்கத்தில் தண்ணீரில் இறக்கி, இடுப்பருகே வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பது வீண். படகைத் திருப்பிவிடும், முன்னே தள்ளாது. புதியவர்கள் கையால் இழுப்பார்கள், அரை மணியில் தோள் வலிக்கும். உடம்பைத் திருப்பி இழுங்கள். வயிறும் முதுகும் வேலை செய்தால் மூன்று மணி நேரம்கூட இருக்கலாம்.

திரும்ப, ஒரு பக்கத்தில் துடுப்பை முன்னாலிருந்து பின்னால்வரை பெரிய அரைவட்டமாக வீசுங்கள். நிற்க, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னப் பின்துடுப்பு. கூட்டத்தில் நேராகப் போகத் தெரிவதைவிட நிற்கத் தெரிவதுதான் அதிகம் உதவும். முன்னால் இருப்பவர் திடீரென்று நின்றால் நீங்களும் நிற்க வேண்டுமே.

அடுத்தது கவிழ்தல். வேண்டுமென்றே கவிழுங்கள், இடுப்பளவு தண்ணீரில் முதலில், பிறகு கால் எட்டாத ஆழத்தில். படகை விடாதீர்கள், துடுப்பையும் விடாதீர்கள். படகு தலைகீழாக இருந்தால் குறுக்கே எட்டி மறுபக்க விளிம்பைப் பிடித்து இழுத்துப் புரட்டுங்கள். பக்கவாட்டில் வந்து, தண்ணீரில் படுத்த மாதிரி கால்களை உதைத்து, வயிறு படகின் குறுக்கே வரும்வரை ஏறுங்கள். அப்படியே புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியில் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, இருக்கை, கால்: இந்த வரிசை மனதில் இருக்கட்டும். களைத்திருக்கும்போதும் ஏற முடிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நிஜத்தில் கவிழ்வது களைத்த பிறகுதான். பயிற்சியில் இதை ஒருமுறையாவது உதவியில்லாமல் செய்ய முடியாதவர் முகத்துவாரத்துக்கு வரக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நண்பர்களோடு படகுகளைப் பக்கவாட்டில் ஒட்டி, ஒருவர் மற்றவர் படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கவும் பழகுங்கள். இளைப்பாற, ஜாக்கெட்டைச் சரிசெய்ய, மயக்கம் வந்தவரைத் தாங்க இதுதான் வழி.

ஓதமும் காற்றும்

படகு இறக்கும் இடம் ஹார்ஸ்ஷூ பீச். துறைமுக வாய்க்கு உள்ளே, தெற்குக் கரையில், நாபிஸ் கலங்கரை விளக்கத்துக்கு அருகில் இருக்கும் சின்ன மணற்கரை. எதிர்க்கரை ஸ்டாக்டன். இடையில் ஓடுவது பெரிய கப்பல்கள் போகும் ஆழ்வழி. பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். ஆனால் அது ஆறும் கடலும் சந்திக்கும் இடம்.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும். வற்றத்தில் ஆற்று நீரும் சேர்ந்துகொண்டு கடல்வாயை நோக்கி இழுக்கும். மேலே ஹண்டர் பள்ளத்தாக்கில் மழை பெய்திருந்தால் இழுப்பு இன்னும் கூடும். வற்றம் வெளியே போகும்போது கடலலை உள்ளே வந்தால், வாய்க்கருகில் இரண்டும் மோதிக் குட்டையான செங்குத்து அலைகள் எழும். புதியவர் கவிழும் இடம் அதுதான். வானிலைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் அன்றைய உச்ச நேரத்தையும் வற்று நேரத்தையும் பார்த்து, மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் இறங்க நல்ல நேரம், ஏற்றத்தின் கடைசிப் பகுதி. நடுவற்றத்தில் புதியவர்கள் கரையில் இருக்கட்டும்.

காற்றில் மூன்றைத் தெரிந்திருந்தால் போதும். மதியத்துக்கு மேல் வடகிழக்குக் கடற்காற்று எழும். அலை கிளப்பும், ஆனால் உங்களை நம் கரைப் பக்கமே தள்ளும். மேற்குக் காற்று, நம் கடற்கரை ஊர்களில் கச்சான் என்பது, உங்களைக் கடல்வாய்க்குத் தள்ளும். வற்றமும் சேர்ந்தால் இறங்கவே வேண்டாம். மூன்றாவதுதான் மோசம். நல்ல வெயில் நாளில், வடமேற்கிலிருந்து அனல் வீசிக்கொண்டிருக்கும்போது, சட்டென்று தெற்கிலிருந்து ஒரு பலத்த காற்று வந்து மோதும். ‘சதர்லி பஸ்டர்’ என்பார்கள். சில நிமிடங்களில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஹார்ஸ்ஷூ பீச் தெற்குக் கரையில் இருப்பதால் தெற்குக் காற்று உங்களைக் கரையிலிருந்து பிரித்து, கப்பல்வழிக்குக் குறுக்கே ஸ்டாக்டன் பக்கம் கொண்டுபோகும். முன்னறிவிப்பில் ‘தெற்கு மாற்றம்’ என்று இருந்தால், சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி முன்பே கரையேறுங்கள்.

இந்தக் கடற்கரையின் காற்று எவ்வளவு வல்லது என்பதற்கு ஊரே சாட்சி. 2007 ஜூன் 8 அன்று நிலக்கரி ஏற்றக் காத்திருந்த ‘பாஷா பல்கர்’ என்ற பெருங்கப்பலைப் புயல் தூக்கிவந்து நாபிஸ் கடற்கரையில் தட்டவைத்தது. கப்பலுக்கே அந்தக் கதி.

அன்றைய தினம்

சிட்னியிலிருந்து வருகிறவர்கள் சென்ட்ரலிலோ ஸ்ட்ராத்ஃபீல்டிலோ நியூகாசில் ரயிலைப் பிடியுங்கள், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நியூகாசில் இன்டர்சேஞ்சில் இறங்கி, லைட் ரயிலில் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து நடக்கலாம். காரில் வந்து இடம் தேடி அலைவதைவிட இது நிம்மதி.

முதலில் பதிவுக் கூடாரம். பெயர், அவசரத் தொடர்பு எண், படகின் நிறம், எந்த நேரத்துக்குள் திரும்புவீர்கள் என்று எழுதிக்கொடுங்கள். பிறகு சட்ட விளக்கம், அதன்பின் நீர்ப் பாதுகாப்பு விளக்கம். இவை முடிந்ததும் ஒரு சின்னக் குழுவில் சேருங்கள். ஐந்தாறு படகுகள், அதில் இருவர் இருவராக ஜோடி. உங்கள் ஜோடி இறங்கினால் நீங்கள் இறங்கலாம், ஏறினால் நீங்களும் ஏற வேண்டும். தெரியாத ஒருவரோடு ஜோடி சேர்ந்தால், மருந்து, மூச்சிரைப்பு, வலிப்பு, நீரிழிவு ஏதாவது உண்டா என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

கணுக்கால் நனையும் தண்ணீரில் படகை நிறுத்தி, முதலில் இருக்கையில் உட்கார்ந்து பிறகு கால்களை எடுங்கள். நின்றுகொண்டு ஏறுகிறவர் எல்லோர் முன்னாலும் விழுவார். முதல் பத்து நிமிடம் கரையோரமாகவே துடுப்புப் போட்டு, உடம்பு பழகட்டும். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு கட்டடத்தையும் ஒரே கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவை விலகினால் நீரோட்டம் உங்களை நகர்த்துகிறது என்று அர்த்தம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இதைப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜோடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

திரும்பும் வலிமையை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். கொஞ்சம் களைப்பாக இருக்கிறதே என்று முதல்முறை தோன்றும்போதே திரும்புங்கள். போகும் வழியைவிட வரும் வழி நீளமாகத்தான் இருக்கும்.

கவிழ்ந்தவர் பக்கத்தில் யார் இருந்தாலும் உதவ வேண்டும்: விசில் மூன்று முறை, படகை ஒட்டி நிறுத்து, ஏறும்வரை பிடி. ஏற முடியவில்லை என்றால் பாதுகாப்புப் படகைக் கூப்பிடுங்கள். யாரும் அருகில் இல்லாத நிலையில் எண் 000.

கப்பல், இழுவைப் படகு, போலீஸ்

இங்கே வரும் நிலக்கரிக் கப்பல்களில் சில 290 மீட்டருக்கும் நீளம். மாலுமியறையிலிருந்து பார்த்தால் முன்புறத்தில் பல நூறு மீட்டர் தண்ணீர் அவர்கள் கண்ணுக்கே தெரியாது, அதில் நீங்கள் இருந்தாலும். நினைத்த மாத்திரத்தில் அதை நிறுத்தவும் முடியாது. நகரும் கப்பலின் முன்னால் அரை கிலோமீட்டருக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்கு அளவுகோல் அல்ல. கப்பலை விடவும் கவனிக்க வேண்டியவை அதை இழுக்கும் டக் படகுகள். அவற்றின் பின்னால் கிளம்பும் தண்ணீர் கயாக்கைச் சுழற்றிவிடும். ஐந்து குறுகிய ஹாரன் ஒலி கேட்டால் ஆபத்து எச்சரிக்கை. உடனே ஆழ்வழியை விட்டுக் கரைப் பக்கம் வாருங்கள்.

போலீஸ் படகு அருகில் வந்தால் துடுப்பைத் தாழ்த்தி மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். போகச் சொன்னால், “சரி, கரைக்குப் போகிறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். வாக்குவாதம் தண்ணீரில் வேண்டாம். படகைப் பிடித்திழுத்தால் எதிர்த்து இழுக்காதீர்கள். இரண்டு பேருமே விழுவீர்கள்.

பதாகை

கம்பில் கட்டிய பதாகையைக் கயாக்கில் நிறுத்தினால் காற்று அதைப் பாயாக்கிவிடும். கோர்ஃப்ளூட் என்ற பிளாஸ்டிக் அட்டையில் எழுதி முன்தளத்தில் படுக்கவைத்துக் கட்டுங்கள், அல்லது ஜாக்கெட்டின் முதுகில் துணியாகத் தையுங்கள். நான்கைந்து சொல்லுக்கு மேல் கரையிலிருந்து படிக்க முடியாது. தமிழில் எழுதுங்கள். மட்டக்களப்பிலும் தூத்துக்குடியிலும் வெள்ளம் பார்த்தவர்களின் மொழி அந்தத் துறைமுகத்தில் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

கரையேறிய பிறகு

நேராகப் பதிவுக் கூடாரத்துக்குப் போய் உங்கள் பெயரை அடித்துவிடுங்கள். சாப்பிடப் போகிற அவசரத்தில் இதை மறந்தால், நீங்கள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது மீட்புப் படகு உங்களைத் தேடிக்கொண்டிருக்கும். உலர்ந்த உடை மாற்றி, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஏதாவது குடியுங்கள். படகு, துடுப்பு, ஜாக்கெட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுங்கள்.

யாருக்காவது போலீஸ் தாள் கொடுத்திருந்தால், அதில் இருக்கும் நீதிமன்றத் தேதியைப் படமெடுத்து அன்றே சட்டக் குழுவிடம் காட்ட வேண்டும். தேதியைத் தவறவிடுவது செய்த காரியத்தைவிடப் பெரிய சிக்கலாகிவிடும். விசாவில் இருப்பவர் என்றால் குடிவரவு வழக்கறிஞரையும் அந்த வாரமே பாருங்கள்.

மற்றவர்களுக்கு அந்த வாரத்தில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உங்கள் தொகுதியின் மாநில, மத்திய எம்.பி. இருவருக்கும் அரைப் பக்கத்தில் ஒரு கடிதம்: யார் நீங்கள், உங்கள் சொந்த ஊரில் எந்த வெள்ளம் எதைக் கொண்டுபோனது, ஏன் நியூகாசிலுக்குப் போனீர்கள், அந்த மூன்று கோரிக்கைகளில் எதற்கு அவர் ஆதரவு தருவார். கேள்வியோடு முடியுங்கள், முகவரி போடுங்கள். தொகுதிவாசி எழுதிய கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வரும். வராவிட்டால் மூன்று வாரம் கழித்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு நேரில் பார்க்க நேரம் கேளுங்கள்.